கேமரா பாடியை மாற்றலாமா? தேறாத படங்களிலிருந்து தொடங்குங்கள்

பதிவு 1

புது பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) வேண்டுமா என்பதற்கு விடை, நீங்கள் கழித்துப் போட்ட படங்களில்தான் இருக்கிறது. கடைசியாக எடுத்தவற்றில் தேறாத 200 படங்களைத் தனி ஃபோல்டரில் போட்டு, 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, எது எதனால் கெட்டது என்று பிரியுங்கள்.

படம் முழுக்க ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை ஆட்டம். சுவர் கூர்மையாக நிற்க, ஆளின் கையும் தலையும் மட்டும் கோடு கோடாக இழுத்திருந்தால் ஆள் அசைந்தது. எதிலும் இழுப்பு இல்லாமல், கண் இமை மெத்தென்று கலங்கி, காதோர முடி மட்டும் ஒவ்வொன்றாக எண்ணும்படி இருந்தால் ஃபோகஸ் பின்னால் போய்விட்டது. மூன்றும் சாதாரணமாகப் பார்க்கும்போது ஒரே ‘பிளர்’ போலத்தான் தெரியும். ஆனால் மருந்து வேறு வேறு.

கை ஆட்டம்தான் அதிகம் என்றால், படம் பதியும் சென்சாரையே அசைத்து ஈடுகட்டும் பாடி நிச்சயம் உதவும். ஆள் அசைவுக்கு அது ஒன்றுமே செய்யாது. அங்கே ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/30 நொடியிலிருந்து 1/250 ஆக்க வேண்டும். அதாவது மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பது அல்லது பாதியாவது). ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு அளவு) 1600-இல் எடுத்ததை 12800-இல் எடுக்க வேண்டியிருக்கும். அதே சென்சார் அளவில் அடுத்த மாடல் வாங்கினால் ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) நாய்ஸ், அதாவது புள்ளி இரைச்சல், குறைவது பெரும்பாலும் அரை ஸ்டாப்கூடத் தேறாது. ஆனால் 55 எம்எம்-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும், கேமராவோடு வரும் கிட் லென்ஸை விட்டுவிட்டு, எஃப் 1.8 (எண் குறைந்தால் திறப்பு பெரிது) பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ், ஒன்றைப் போட்டால், மூன்று ஸ்டாப்புக்கு மேல் உடனே கிடைக்கும்.

பதிவு 2

ஃபோகஸ் தவறுவது பற்றி ஒன்று சேர்க்கிறேன். டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) ஃபோகஸைப் பார்ப்பது கண்ணாடிக்குக் கீழே இருக்கிற தனி சென்சார். அதற்கும் படம் விழும் சென்சாருக்கும் தூரம் துளி பிசகினாலும் ஃபோகஸ் முன்னே பின்னே விழும். ட்ரைபாடில் வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து, சுவரில் ஒட்டின செய்தித்தாளை வியூஃபைண்டர் வழியா அஞ்சு, லைவ் வியூவில் (பின் திரையைப் பார்த்து) அஞ்சு எடுங்க. ஒவ்வொரு தடவையும் ஃபோகஸை வேணும்னே கலைச்சுட்டுப் புதுசா பிடிக்கணும். லைவ் வியூ படம் கூர்மையா இருந்து வியூஃபைண்டர் படம் மட்டும் ஒரே மாதிரி கலங்கினா, மெனுவில் ஃபைன் ட்யூன் (ஃபோகஸை முன்னே பின்னே நகர்த்துற திருத்தம்) இருக்கான்னு பாருங்க, அதிலேயே சரியாகும். அஞ்சும் அஞ்சு விதமா வந்தா ஃபைன் ட்யூனால் பயனில்லை. ஓடுற குழந்தை, பறக்கிற பறவைன்னு எடுப்பவங்களுக்கு, ஆளின் கண்ணைத் தேடிப் பிடிக்கிற, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பாடிக்கு மாறுவது உண்மையிலேயே பெரிய வித்தியாசம். பாடி மாத்தணும்னா எனக்குத் தெரிஞ்சு வலுவான காரணம் இதுதான்.

பதிவு 3

ஃபுல் ஃப்ரேம் கனவில் இருப்பவர்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஃபுல் ஃப்ரேமின் 36×24 மி.மீ. சென்சார், அதைவிடச் சின்னதான கிராப் சென்சாரைவிடப் பரப்பில் சுமார் 2.3 மடங்கு. ஒளிக் கணக்கில் அது ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல், அவ்வளவே. கிராப் பாடியில் எஃப் 2.8 ஜூம் வைத்திருந்தவர், எடைக்குப் பயந்து ஃபுல் ஃப்ரேமில் எஃப் 4 ஜூம் வாங்கினால், அந்த ஆதாயம் ஏறக்குறைய முழுதும் போய்விடும்.

கையிலிருக்கும் கிராப் லென்ஸ்களின் கதி இன்னும் மோசம். நிக்கானில் அவை பொருந்தும். ஆனால் 24 மெகாபிக்சல் பாடி 10 சொச்சத்துக்குச் சுருங்கிவிடும். கேனான் இஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. ஆர்எஃப் பாடியில் (கேனானின் மிரர்லெஸ்) அடாப்டர் போட்டால் மாட்டும், படம் கிராப் ஆகும்.

24-இலிருந்து 45 மெகாபிக்சல் என்றால் இரட்டிப்புப் போலத் தோன்றும். நீளவாக்கில் 6000 பிக்சல் 8256 ஆகிறது. 38 சதவீதம்தான் கூடுதல். ஏ4 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சுக்கு 8.7 மெகாபிக்சல் போதும். தூரத்துப் பறவையை வெட்டி எடுப்பவருக்கு 45 வரம்தான், மறுக்கவில்லை.

பதிவு 4

பாடியோடு வரும் கூடுதல் செலவுகளையும் பாருங்க. நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள், பாடிக்குள் இருக்கும் மோட்டாரால் ஃபோகஸ் ஆகிறவை. அவற்றை மிரர்லெஸ் பாடியில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் கிடையாது. கையால்தான் ஃபோகஸ் செய்யணும். கேனானில் டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் ஃபோகஸோடு வேலை செய்யும்.

பேட்டரியும் அப்படித்தான். ஒரு சார்ஜுக்கு டிஎஸ்எல்ஆரான நிக்கான் டி750 சுமார் 1230 படம், மிரர்லெஸ்ஸான இசட்6 சுமார் 310 படம் என்பது நிறுவனம் தரும் சோதனைக் கணக்கு. நேரில் அதிகம் வரும் என்றாலும் கூடுதல் பேட்டரி இல்லாமல் ஒரு கல்யாணத்தை முடிக்க முடியாது.

சத்தமில்லாத ஷட்டருக்காக மாறுகிறவர்கள் கவனிக்க: அந்த முறையில் சாதாரண சென்சார் படத்தை வரிசை வரிசையாகப் படிக்கும். எல்இடி வெளிச்சத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும், வீசுற மட்டை வளைஞ்சு தெரியும். இதைக் குறைக்கத்தான் 2017-இல் சோனி ஏ9-இலும் 2021-இல் நிக்கான் இசட்9-இலும் வேகமாகப் படிக்கும் அடுக்குச் சென்சார் வந்தது.

மென்பொருளையும் மறக்காதீங்க. அடோபியின் பழைய படத் திருத்த மென்பொருளான லைட்ரூம் 6 புது பாடிகளின் ராவைத் திறக்காது. ராவைப் பொதுவான டிஎன்ஜி வடிவத்துக்கு மாற்றும் அடோபியின் இலவச மாற்றியில் போட்டு எடுக்கலாம்.

பதிவு 1-இல் எழுதியவரின் பின்குறிப்பு

இரண்டு பாடிகளையும் ஒப்பிட வாய்ப்புக் கிடைத்தால், இரண்டிலும் ஒரே காட்சி அதே அளவில் வரும்படி நின்று, அதே வெளிச்சம், அதே ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ வைத்து ராவில் எடுங்கள். 45 மெகாபிக்சல் படத்தை 6000 பிக்சலுக்குச் சுருக்கிய பிறகே பக்கம் பக்கமாக வையுங்கள். சுருக்காமல் 100 சதவீதத்தில் பார்த்தால் புது பாடியில்தான் நாய்ஸ் அதிகம் என்று தவறாகத் தோன்றும்.