அனுதாப ஓட்டா?

குழு: சோமு தாத்தா வீடு
13 ஏப்ரல் 2025, ஞாயிறு

[காலை 9:02] கார்த்தி அண்ணன்: ஜூஜூ வாட்கின்ஸுக்கு ஊடன் விருதும் வந்துவிட்டது! நெய்ஸ்மித் விருது, ஏபி செய்தி நிறுவன விருது இரண்டும் ஏற்கெனவே அவளுக்குத்தான். யாழினி, பார்த்தாயா?

[9:05] ராஜி அத்தை: யாருப்பா அது ஜூஜூ? நம் யாழினி மாதிரி பேஸ்கட்பால் பெண்ணா?

[9:07] கார்த்தி அண்ணன்: ஆமாம் அத்தை. இங்கே லாஸ் ஏஞ்சல்ஸில் யுஎஸ்சி பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வாட்ஸ் என்ற பகுதிப் பெண், உள்ளூர்க்காரி. இந்த வருடம் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களில் சிறந்த ஆட்டக்காரி என்று விருது.

[9:11] பெரியப்பா: டேய் கார்த்தி, கல்லூரிக் கப்பை ஜெயித்தது கனெக்டிகட் பல்கலைக்கழகம் என்று போன வாரம் நீதானே போட்டாய்?

[9:12] கார்த்தி அண்ணன்: ஆமாம் அப்பா. ஃபைனலில் சௌத் கரோலினாவை 82-59 என்று அடித்துத் துவைத்தார்கள். பெய்ஜ் பெக்கர்ஸ் இருக்கிற டீம்.

[9:14] பெரியப்பா: அப்போது விருது அந்த பெய்ஜுக்கு அல்லவா போக வேண்டும்? உன் ஜூஜூ முட்டி ஜவ்வு கிழிந்து பாதியிலேயே வெளியே போனவள். இது அனுதாப ஓட்டு. 84-ல் எம்ஜிஆர் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். அதையே பார்த்தவன் நான்.

[9:15] ராஜி அத்தை: 😂😂 அண்ணா ஆரம்பித்துவிட்டார்

[9:19] கார்த்தி அண்ணன்: அப்பா, எம்ஜிஆர் கதை வேறு. ஏபி ஓட்டுப் போட்டபோது அவளுக்கு அடியே படவில்லை! ஏபி விருதுக்குப் பத்திரிகைக்காரர்கள் மார்ச் மாத நாக்அவுட் தொடங்கும் முன்பே ஓட்டுப் போட்டுவிடுவார்கள். அவள் விழுந்தது மார்ச் 24, இரண்டாவது சுற்றில்.

[9:20] பெரியப்பா: கப்புக்கு முன்பே விருதை முடிவு செய்வார்களா? அது என்ன நியாயம்?

[9:24] கார்த்தி அண்ணன்: நவம்பரிலிருந்து ஆடியதற்கு விருது. கப் என்பது மூன்று வாரச் சமாச்சாரம், ஒரு நாள் சறுக்கினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஆடிய கெய்ட்லின் கிளார்க் 2023, 2024 இரண்டு வருடமும் விருது வாங்கினாள், இரண்டு தடவையும் ஃபைனலில் தோற்றாள். அதற்காக அவள் சிறந்த ஆட்டக்காரி இல்லை என்று சொல்வீர்களா?

[9:25] கார்த்தி அண்ணன்: அதோடு, டிசம்பரில் கனெக்டிகட்டை அவர்கள் மாநிலத்திலேயே போய் 72-70 என்று ஜெயித்தது ஜூஜூ டீம். அவள் 25 பாயிண்ட்.

[9:28] பெரியப்பா: நாக்அவுட்டில் இரண்டு டீமும் மோதவில்லையா?

[9:29] கார்த்தி அண்ணன்: மோதியது. 78-64, பெய்ஜ் டீம்தான் ஜெயித்தது. ஜூஜூ இல்லை.

[9:29] பெரியப்பா: 👍 அதைத்தான் சொல்கிறேன்

[9:30] கார்த்தி அண்ணன்: நானும் அதைத்தான் சொல்கிறேன் அப்பா 😄

[9:37] கார்த்தி அண்ணன்: பிப்ரவரி 13-ஐ நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எதிரே யுசிஎல்ஏ, இதே ஊரில் இருக்கிற இன்னொரு பல்கலைக்கழகம். நம்பர் ஒன் டீம், அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஜூஜூ 38 பாயிண்ட், 11 ரீபவுண்ட். அதெல்லாம்கூடச் சரி. எட்டு பிளாக்! எதிராளி கூடைக்குப் போட்ட பந்தை எட்டுத் தடவை தட்டிவிட்டாள். கூடையடியில் நிற்கிற நெட்டைப் பெண்கள் செய்கிற வேலையை, வெளியிலிருந்து பந்தைக் கொண்டு வருகிற கார்டு செய்கிறாள். நான் மேல்வரிசையில் இருந்தேன். ஒவ்வொரு பிளாக்குக்கும் எனக்கு முன்னால் இருந்த பாட்டி பாப்கார்ன் பொட்டலத்தை என் மடியில் கொட்டினார்.

[9:38] ராஜி அத்தை: பாவம்டா நீ

[9:41] கார்த்தி அண்ணன்: மார்ச் 24-ம் அதே அரங்கம்தான். முதல் குவார்ட்டரிலேயே விழுந்தாள். தூக்கிக்கொண்டுதான் போனார்கள். கொஞ்ச நேரம் யாரிடமும் பேச்சே இல்லை. அப்புறம் அதே டீமில் கிகி இரியாஃபென் என்ற பெண் 36 பாயிண்ட் போட்டாள், 96-59 என்று முடிந்தது. ஆனால் வெளியே வந்த கூட்டத்தைப் பார்த்தால் தோற்றவர்கள் மாதிரி இருந்தது.

[9:43] ராஜி அத்தை: ஐயோ. மீனா, யாழினி எங்கே? இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறாளா?

[9:44] அம்மா: கால் தலையணை மேலே, போன் முகத்துக்கு மேலே. எல்லாம் படிக்கிறாள் அண்ணி.

[9:44] ராஜி அத்தை: கார்த்தி, போதும் நிறுத்து. குழந்தைக்கே ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது. நாளைக்கு வருடப்பிறப்பு, வேப்பம்பூ கிடைத்ததா என்று பேசுங்கள்.

[9:45] யாழினி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[9:47] யாழினி: பரவாயில்லை அத்தை. அண்ணா ஒன்றை விட்டுவிட்டார். வேட் டிராஃபி பெய்ஜுக்குத்தான். அதுவும் வருடத்தின் சிறந்த ஆட்டக்காரி விருதுதான். பயிற்சியாளர் சங்கம் தருவது, 1978-லிருந்து இருக்கிறது.

[9:48] பெரியப்பா: அப்படிச் சொல்லு! பயிற்சியாளர்களுக்குத் தெரியும்.

[9:50] யாழினி: பெய்ஜுக்கும் இதே ஜவ்வுதான் பெரியப்பா. 2022 ஆகஸ்ட்டில் கிழிந்தது. அடுத்த சீசன் முழுக்க பெஞ்சில்தான் இருந்தாள்.

[9:51] யாழினி: அவளுக்கு இடது கால். ஜூஜூவுக்கு வலது. எனக்கும் வலது.

[9:55] பெரியப்பா: 🙏

[9:56] கார்த்தி அண்ணன்: திங்கள் இரவு இங்கே டிராஃப்ட் யாழி, தொழில்முறை டீம்கள் ஆட்டக்காரிகளை எடுக்கிற நாள். பெய்ஜைத்தான் முதலில் டாலஸ் எடுக்கும் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். உங்களுக்குச் செவ்வாய் காலை. அலாரம் வைத்துக்கொள்.

[9:57] யாழினி: வைத்தாயிற்று.

[9:58] யாழினி: அண்ணா, அந்த எட்டு பிளாக்கும் ஒரே வீடியோவாக இருந்தால் அனுப்புங்கள்.

[10:03] அம்மா: பிசியோ வந்துவிட்டார். நேற்று முட்டி 90 டிகிரி வளைந்தது, யாரிடமும் சொல்லவில்லை இவள்.

[10:04] ராஜி அத்தை: 90-ஆ!! சபாஷ். பாஸ் மார்க் எவ்வளவு?

[10:05] யாழினி: 135 அத்தை 😑