பிளெயின்ஸ்பரோவில் வீடு பார்க்கும் முன்: ஒரு டவுன்ஷிப்பின் வரலாறும் மக்கள்தொகையும்

நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் வேலை கிடைத்து வரும் நம்மவர்கள் வீடு தேடத் தொடங்கினால் பிளெயின்ஸ்பரோ என்ற பெயர் விரைவிலேயே காதில் விழும். வாடகை எவ்வளவு, பள்ளி எப்படி, மளிகைக் கடை எவ்வளவு தூரம் என்று விசாரிப்பதோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். அந்த ஊர் எப்படி உருவானது, எந்தப் பத்தாண்டில் எவ்வளவு வளர்ந்தது என்பதையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பது என் யோசனை. அங்கே காணப்போகும் குடியிருப்புகளின் வயது, பள்ளி எல்லை, முகவரிக் குழப்பம் ஆகியவை அந்த வரலாற்றிலிருந்தே விளங்கும்.

நியூ ஜெர்சியில் எந்த நிலமும் ஏதேனும் ஓர் உள்ளாட்சியின் எல்லைக்குள் வந்தே தீரும். டவுன்ஷிப் அத்தகைய உள்ளாட்சி வகைகளுள் ஒன்று. (ஓஹாயோ, இந்தியானா போன்ற மாநிலங்களுக்குச் செல்வோர் இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தைப் பின்பற்றி ஆறு மைல் சதுரங்களாக அளக்கப்பட்ட அந்தப் பகுதிகளின் கதை வேறு.) 1798இல் முறைப்படி அமைக்கப்பட்ட சவுத் பிரன்ஸ்விக்கின் ஒரு பகுதியையும், 1872இல் உருவான கிரான்பரியின் ஒரு பகுதியையும் சேர்த்து, 1919இல் பிளெயின்ஸ்பரோ தனி டவுன்ஷிப் ஆயிற்று. தங்கள் பிள்ளைகளுக்குப் புதிய பள்ளிக்கூடம் வேண்டும் என்ற அவ்வூர் மக்களின் கோரிக்கை அந்தப் பிரிவினைக்கு ஒரு முக்கியக் காரணமாக இருந்தது. நம்மவர்கள் இன்று அங்கே போவதும் பெரும்பாலும் பள்ளிக்காகவே.

அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் அது விவசாய ஊராகவே இருந்தது. வாக்கர்-கார்டன் பால் பண்ணைதான் அதன் அடையாளம். 1930இல் அங்கே ரோட்டோலாக்டர் என்ற சுழல் மேடை இயங்கத் தொடங்கியது. ஐம்பது பசுக்கள் அதில் ஏறி நிற்க, மேடை ஒரு சுற்றுச் சுற்றி முடிவதற்குள் இயந்திரம் பால் கறந்துவிடும். போர்டன் என்ற பால்பொருள் நிறுவனத்தின் விளம்பரங்களால் நாடறிந்த எல்சி என்ற பசுவும் அந்தப் பண்ணையைச் சேர்ந்ததே. 1935இல் வெண்டெல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாக்கிய ராக்ஃபெல்லர் ஆய்வகமும், பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது பக்கத்து ஊரான பிரின்ஸ்டனில் இருப்பதாகவே பேசப்பட்டாலும், இந்த டவுன்ஷிப்பின் எல்லைக்குள்தான் இருந்தது.

1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்த ஊரின் மக்கள்தொகை 1,648 மட்டுமே. 1971இல் பால் பண்ணை மூடப்பட்டது. அதே காலத்தில் வயல்களில் பெரிய அடுக்குமாடி வளாகங்களும், ரூட் 1 நெடுஞ்சாலையை ஒட்டி அலுவலக வளாகங்களும் எழத் தொடங்கின. 1980இல் 5,605 பேர். 1990இல் 14,213 பேர். இருபதே ஆண்டுகளில் எட்டு மடங்குக்கும் மேற்பட்ட பெருக்கம். ஆகவே நீங்கள் வாடகைக்குப் பார்க்கும் வீடுகளில் பல அந்தக் காலத்தில் கட்டப்பட்டவையாக இருக்கக்கூடும். வெப்பமூட்டும் செலவு யாருடையது, துணி துவைக்கும் இயந்திரம் வீட்டுக்குள் உண்டா, மாடியில் நடப்பது கீழே கேட்குமா என்பவற்றை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்னர் வேகம் தணிந்தது. 2000இல் 20,215, 2010இல் 22,999, 2020இல் 24,084. கடைசிப் பத்தாண்டில் கூடியவர்கள் சுமார் 1,100 பேர்தான்; வீடு வாங்க எண்ணுவோர் புதுக் கட்டடங்களுக்காகக் காத்திருப்பதால் பெரிய பயன் இராது என்றே நினைக்கிறேன். பக்கத்திலுள்ள கிரான்பரியோ தன் விளைநிலங்களில் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொண்டு இன்றும் நாலாயிரத்துக்குக் குறைவான மக்களோடு இருக்கிறது. அமைதியை விரும்புவோருக்கு அது பிடிக்கும். ஆனால் வாடகை வீடு அங்கே எளிதில் கிடைக்காது.

2010 கணக்கெடுப்பில் பிளெயின்ஸ்பரோவாசிகளுள் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் ஆசிய வம்சாவளியினர். அவர்களுள் தமிழர் எத்தனை பேர் என்று அந்தப் பட்டியலில் தேட வேண்டாம். பத்தாண்டுக் கணக்கெடுப்பில் இப்போது வீட்டுமொழி கேட்கப்படுவதில்லை, ஆண்டுதோறும் நடக்கும் மாதிரிக் கணக்கெடுப்பில்தான் அந்தக் கேள்வி உண்டு. விசா எதுவாயினும் இங்கு வசிப்பவர் அனைவரும் எண்ணப்பட வேண்டியவர்களே என்பதால், 2030இல் படிவம் வரும்போது தயங்காமல் நிரப்புங்கள்.

பள்ளி மாவட்டம், அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, பக்கத்து டவுன்ஷிப்பான வெஸ்ட் விண்ட்சருடன் கூட்டு. பிளெயின்ஸ்பரோ மிடில்செக்ஸ் கவுண்டியிலும் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வெஸ்ட் விண்ட்சர் மெர்சர் கவுண்டியிலும் இருப்பதால், பள்ளி ஒன்றாயினும் கவுண்டி அலுவலகங்கள் வேறு வேறு. இரண்டு உயர்நிலைப் பள்ளிகளில் எது உங்கள் பிள்ளைக்கு என்பதைத் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் சொல்லிப் பள்ளி மாவட்ட அலுவலகத்திலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள். வீட்டுத் தரகரின் வாய்மொழி போதாது. டவுன்ஷிப்பின் சில பகுதிகளுக்கு அஞ்சல் முகவரி பிரின்ஸ்டன் என்றே இருக்கும். அதை நம்பிப் பிரின்ஸ்டன் பள்ளியில் இடம் கேட்டால் கிடைக்காது. பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையமும் வெஸ்ட் விண்ட்சரில்தான் இருக்கிறது.

வீடு வாங்குவோருக்குச் சொத்துவரி ஆண்டுக்கு நான்கு தவணைகளாக, பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் வரும். அதில் பெரும்பங்கு பள்ளிக்குப் போகும். ஒவ்வொரு வீட்டின் வரித் தொகையும் பொதுப் பதிவில் இருப்பதால், விலை பேசும் முன் அதைப் பார்த்துவிடலாம்.