ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி: எங்க வளவு வீட்டு குரூப்

*சனிக்கிழமை*

பெரியப்பச்சி: எல்லாருக்கும் காலை வணக்கம். இந்த மழையில முகப்பு ஹாலோட மேற்குச் செவுரு நல்லா ஊறிப்போச்சு. அதுல இருந்த ரெண்டு பெரிய பெல்ஜியம் கண்ணாடியையும் ஆள் விட்டு எறக்கி பெட்டகசாலையில சாத்தி வச்சிருக்கேன். செவுரு காஞ்சு சுண்ணாம்பு பூசி முடிக்க நாலு மாசம் ஆகும்னு கொத்தனார் சொல்றார். விஷயம் எப்படியோ தெரிஞ்சு ஒரு வியாபாரி வந்து வெலை கேட்டுட்டுப் போயிட்டார். நான் ஒண்ணும் சொல்லலை. என்ன பண்ணலாம்னு சொல்லுங்க.

கதிர்: பெரியப்பச்சி விக்கவே வேணாம். எங்க புது ஃபிளாட் ஹாலுக்கு ஒண்ணு கொடுங்க, பொங்கலுக்கு அப்புறம் குடி போறோம், உமாவும் நானும் ஹாலை யூரோப்பியன் ஸ்டைல்லதான் பண்ணலாம்னு இருக்கோம்

சோமு அண்ணே சிங்கப்பூர்: இன்னொண்ணை நான் எடுத்துக்கறேன் பெரியப்பச்சி. கப்பல்ல போட்டு அனுப்புறதுக்கு ஆகுற செலவு என்னோடது.

விசாலம் ஆச்சி: சோமு, அது முடியாதுப்பா. முகப்பு நிலையில 1912ன்னு பொறிச்சிருக்கு, கண்ணாடி அப்ப வந்ததுதான். நம்ம நாட்டுல 1972ல போட்ட தொல்பொருள் சட்டம் இருக்கு, நூறு வருஷம் தாண்டுன கலைப்பொருள் கைவினைப்பொருள் எதையும் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நூறு வருஷம் ஆகலைன்னா தொல்லியல் துறைகிட்ட இது தொல்பொருள் இல்லைன்னு சர்டிபிகேட் வாங்கி அனுப்பலாம், ஆனா வீட்டு நிலையிலயே வருஷம் பொறிச்சிருக்கறப்ப அதை எப்படிக் கேக்கறது. ஆசைப்பட்டது தப்பில்லை, வழி இல்லை அவ்வளவுதான்.

சோமு அண்ணே சிங்கப்பூர்: ஓ. எனக்கு இது தெரியாது ஆச்சி. சரி விடுங்க.

உமா: ஆச்சி நாங்க பாத்த சோபா போட்டோ போடறேன், எப்படி இருக்குன்னு சொல்லுங்க. க்ரீம் வெல்வெட், காலெல்லாம் கோல்டு கலர், கடையில விக்டோரியன்னு சொன்னாங்க
*(புகைப்படம்)*

விசாலம் ஆச்சி: உமா, கடையில எல்லாத்தையும் விக்டோரியன்னுதான் சொல்றாங்க. ஆட்டுக்கால் மாதிரி வளைஞ்சு வர்ற இந்தக் கால் பிரான்சுல பதினஞ்சாம் லூயி காலத்து வடிவம். அவருக்கு அடுத்த லூயி காலத்துல அதையே நேராக்கி நெடுக வரி வெட்டிட்டாங்க. விக்டோரியா ராணி வந்தது அதுக்கெல்லாம் ரொம்பப் பின்னாடி. பேர் என்னவா இருந்தாலும் பரவாயில்லை, நான் கேக்கறது ஒண்ணுதான், ஹால் எத்தனைக்கு எத்தனை?

உமா: 11க்கு 18 ஆச்சி. சீலிங் ஒன்பதரை அடி

விசாலம் ஆச்சி: அப்படின்னா இந்த செட்டு முழுசும் வேண்டாம்மா. ஃபால்ஸ் சீலிங்கும் போட்டு சரவிளக்கும் தொங்கவிட்டா தலையில இடிக்கிற மாதிரிதான் இருக்கும், விளக்கோட அடி தரையிலேருந்து ஏழடியாவது மேல இருக்கணும், உங்களுக்கு அதுக்கு எடமே இல்லை. நம்ம முகப்பு எத்தனை ஒசரம்னு உனக்கே தெரியும், அதனாலதான் அத்தனை சாமான் வச்சும் அங்க நெருக்கடியே தெரியலை. ஒரு ரூமுக்கு சீமைச் சாமான் பெருசா ஒண்ணு, சின்னதா ரெண்டு, போதும். மத்ததெல்லாம் சாதாரணமா இருக்கட்டும், கதர் இல்லேன்னா காட்டன் துணி தைச்ச நேர்க்கால் சோபா போதும். அப்பதான் அந்த ஒண்ணு கண்ணுக்குத் தெரியும்.

கதிர்: அந்தப் பெருசு ஒண்ணு கண்ணாடிதானே ஆச்சி 🙂 ஓரமெல்லாம் கறுத்துப் புள்ளி விழுந்து கெடக்கு, இங்க ஒரு கடையில சொன்னாங்க, பழசைச் சொரண்டி எடுத்துட்டு புதுசா ரசம் பூசித் தருவாங்களாம், ஃபிரேமை பியூ (பாலியூரிதேன்) பாலிஷ் அடிச்சா பளபளன்னு ஆயிடும்னாங்க

விசாலம் ஆச்சி: கதிரு, அதை மட்டும் செய்யாத. கேட்டதும் நெஞ்சு திக்குன்னு ஆயிடுச்சு. எங்க மாமியார் வீட்டுக் கண்ணாடி ஒண்ணை நான் அப்படிக் கொடுத்தேன், இருபது வருஷம் ஆகுது. திரும்பி வந்தப்ப கடையில தொங்குற புதுக் கண்ணாடிக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்லை, ஆசிட் ஊத்திச் சொரண்டுனதுல சாய்வா செதுக்குன பெவல் ஓரத்துல கீறல் வேற. பழைய கண்ணாடியில முகம் பாத்தா கொஞ்சம் தண்ணிக்குள்ள பாக்கற மாதிரி ஒரு ஆழம் இருக்குமே அது போயிடுச்சு, காசு கொடுத்து நானே போக்கிக்கிட்டேன். இன்னும் அதைப் பாக்கறப்பல்லாம் கஷ்டமா இருக்கு.

அயித்தை தேவகோட்டை: விசாலம், நீ சொல்றது சரிதான் ஆனா ரசம் போன கண்ணாடிய புது வீட்டுல வைக்கக் கூடாதும்பாங்களேடி. குடி போற வீடு.

விசாலம் ஆச்சி: அயித்தை அதுக்குத்தான் வர்றேன். நாம ரசம் ரசம்னு சொல்றோம்ல, அது பாதரசம் அயித்தை. அந்தக் காலத்துல ஈயம் மாதிரி இருக்கற தகரத் தாளை விரிச்சு, மேல பாதரசத்தை ஊத்தி, அதுமேல கண்ணாடிய நகட்டி வச்சு, நாள் கணக்கா பாரம் ஏத்தி வைப்பாங்களாம். அந்த வேலை பாத்தவங்களுக்குக் கை நடுக்கம், பல்லு கொட்டுறது எல்லாம் வந்து வெனீசுலயும் ஜெர்மனியிலயும் பாவம் எத்தனையோ பேர் போயிட்டாங்க. 1835ல லீபிக்னு ஒரு ஜெர்மன்காரர் கண்ணாடியில வெள்ளியைப் படிய வைக்க வழி கண்டுபுடிச்சார், அதுக்கு அப்புறம்தான் மெல்ல மெல்ல பாதரசம் போச்சு. செய்முறை மாறி இத்தனை வருஷம் ஆகியும் நம்ம வாயில ரசம்ங்கிற வார்த்தை நின்னுபோச்சு பாருங்க.

விசாலம் ஆச்சி: அதனால அப்பச்சி, நீங்க ஒரு காரியம் பண்ணுங்க. கண்ணாடிக்குப் பின்னாடி பலகை ஒரு பக்கம் விட்டிருக்கும், அந்த எடைவெளியில டார்ச் அடிச்சுப் பாருங்க. பின்பக்கம் செவப்பாவோ காவியாவோ பெயிண்ட் அடிச்ச மாதிரி இருந்தா வெள்ளி. பெயிண்டே இல்லாம சாம்பல் கலர்ல மினுக்மினுக்னு இருந்தா பாதரசம், அதைத் தொடக் கூடாது, சொரண்டக் கூடாது, படுக்கப் போட்டு எடுத்துட்டுப் போகவும் கூடாது, சின்னப் புள்ளைங்க இருக்கற வீட்டுக்கு அது வேணவே வேணாம்.

பெரியப்பச்சி: இப்பவே பாக்கறேன்.

பெரியப்பச்சி: பாத்தாச்சு. ரெண்டுமே காவிக் கலர் பெயிண்ட். ஒண்ணுல மட்டும் கீழ்ப்பக்கம் பெயிண்ட் உரிஞ்சிருக்கு, செவுத்து ஓதம் ஏறுன எடம்.

விசாலம் ஆச்சி: அப்பாடா. வெள்ளி. ஓதம் உள்ள போயி வெள்ளியைத் திங்கறதுதான் அந்தக் கறுப்பு. ஓரத்துலதான் இருக்கு, முகம் தெரியற எடம் சுத்தமா இருக்கு. ஓதத்தை நிறுத்திட்டா அது பாட்டுக்கு அப்படியே இருக்கும். கதிரு, தொடைக்கறப்ப கண்ணாடி மேல ஸ்பிரே அடிக்காத, ஓரமா வழிஞ்சு பின்னாடி எறங்கிடும். துணியில லேசா நனைச்சு பிழிஞ்சு தொடை. ஃபிரேம் பர்மா தேக்கு, மேல அரக்கைச் ஸ்பிரிட்ல கரைச்சுப் பூசுன ஃப்ரெஞ்ச் பாலிஷ். மறைவா ஒரு எடத்துல துளி ஸ்பிரிட் தொட்டு வச்சுப் பாரு, பிசுபிசுன்னா அரக்குதான். அதையே திரும்ப மெல்லிசா பூசலாம், பியூ அடிச்சா பிளாஸ்டிக் தாள் ஒட்டுன மாதிரி ஆயிடும்.

அயித்தை தேவகோட்டை: கல்யாணத்துல எனக்குக் கழுத்துருத் தாலி பூட்டினதும் எங்க ஆத்தா என்னை அந்தக் கண்ணாடி முன்னாடிதான் கொண்டுபோயி நிறுத்துனாங்க. நான் வெக்கப்பட்டு நிமிரவே இல்லை. நிமிந்து பாருடி உன்னைய நீயே பாத்துக்கன்னாங்க. அப்பவே ஓரத்துல அந்தப் புள்ளி இருந்துச்சு. அதுல ரசம் போச்சுன்னு யாரும் சொல்லலை. விசாலம் சொல்ற மாதிரியே இருக்கட்டும். சொரண்ட வேண்டாம் கதிரு.

கதிர்: சரி அயித்தை. தொடமாட்டேன்

உமா: நான் இந்த ஃபேமிலிக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு, இது இன்னிக்குத்தான் தெரியும். அந்தப் பக்கம் போறப்பல்லாம் சும்மா தலைமுடிய சரி பண்ணிட்டுப் போயிருக்கேன்.

சோமு அண்ணே சிங்கப்பூர்: கதிர் எடை பாத்தியா? ஃபிளாட் செவுரு தாங்குமா

கதிர்: ஆறடிக்கு மூணடி, ஆறு எம்எம் இருக்கும். கணக்கு போட்டேன் அண்ணே, கண்ணாடி மட்டுமே 25 கிலோ வருது, தேக்கு ஃபிரேம் தனி

சோமு அண்ணே சிங்கப்பூர்: உள் செவுரெல்லாம் லைட் வெயிட் பிளாக்கா இருந்தா சாதாரண ஸ்க்ரூ போட்டு மாட்டாத, கழண்டு வந்துடும். ரெண்டு புள்ளைங்க ஓடற வீடு. கீழ இரும்பு ஆங்கிள் போட்டு எடை முழுக்க அதுமேல உக்காரணும், மேல இருக்கற புடிப்பு சாயாம இருக்கறதுக்கு மட்டும்தான். கெமிக்கல் ஆங்கர் போட்டுத் தரச் சொல்லு. இல்லேன்னா தரையில ஒரு தேக்குப் பலகை போட்டு அதுமேல நிக்க வச்சு மேல ரெண்டு கிளாம்ப்.

விசாலம் ஆச்சி: சோமு சொல்றதுதான் சரி. செவுத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல விரக்கடை காத்துப் போக எடம் விடு. பாத்ரூம் பின்செவுத்துல வேண்டாம்.

விசாலம் ஆச்சி: எங்க மாட்டறதுன்னு யோசிச்சீங்களா?

கதிர்: பால்கனி கதவுக்கு நேர் எதிர்ல ஆச்சி, பிண்டெரெஸ்ட்ல எல்லாம் அப்படித்தான் போடறாங்க

விசாலம் ஆச்சி: அங்க என்ன தெரியும்னு பாத்தியா? கண்ணாடி எதைப் பாக்குதோ அதைத்தானே ரெண்டாக் காட்டும். பிரான்சுல வெர்சாய் அரண்மனைக் கண்ணாடிக் கூடத்துல பதினேழு சன்னல், ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரு கண்ணாடி வளைவு, மொத்தம் 357 கண்ணாடி. 1684ல முடிச்சாங்க. அப்ப ஒரே துண்டா அத்தனை பெருசு செய்யத் தெரியாது, அதனால சின்னச் சின்னதா சேர்த்தது. சன்னலுக்கு வெளிய தோட்டம், அதனால உள்ளயும் தோட்டம். நம்ம ஆளுங்க முகப்புல மாட்டுனதும் அழகுக்குன்னு மட்டும் நெனைக்காத, கரண்டு வராத காலம், வளவு முத்தத்துலேருந்து வர்ற வெளிச்சத்தையும் ராத்திரி விளக்கையும் ரெண்டு மடங்கா ஆக்கறதுக்கு. லேசா முன்னாடி சாய்ச்சுத் தொங்கவிட்டிருப்பாங்களே, அது கீழ பட்டியக்கல்லுல பாய் போட்டு உக்காந்திருக்கறவங்க தெரியணும்னு.

விசாலம் ஆச்சி: உமா நீ ஒண்ணு பண்ணும்மா, பீரோக் கண்ணாடியோ ஏதோ ஒரு சாதாக் கண்ணாடிய எடுத்துட்டுப் போயி நெனைச்ச எடத்துல ஒரு நாள் சாத்தி வையி. காலையில மத்தியானம் சாயங்காலம் போயி பாரு. அதுக்கப்புறம் ஆணி அடிக்கலாம்.

உமா: நாளைக்கே பண்றேன் ஆச்சி

கதிர்: இன்னொரு டவுட், புது ஃபிளாட்ல பால்கனி கண்ணாடி செயின்ட் கோபேன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, அதுவும் பெல்ஜியமா?

விசாலம் ஆச்சி: இல்லப்பு அது பிரான்சு. வெனீஸ்காரங்ககிட்ட கண்ணாடி வாங்கி வாங்கிக் காசு போகுதேன்னு பதினாலாம் லூயி 1665ல ஆரம்பிச்சுவச்ச கம்பெனி அது, வெர்சாய்க்குக் கண்ணாடி செஞ்சது அவங்கதான். இப்ப ஸ்ரீபெரும்புதூர்லயே ஃபேக்டரி இருக்கு. பெரும்பாலும் அங்கேருந்துதான் உங்க வீட்டுக்கு வந்திருக்கும்.

கதிர்: சூப்பர் ஆச்சி. இது தெரியாமலே இருந்திருக்கேன்

பெரியப்பச்சி: மேல ரெண்டாம் கட்டு மாடியில பிரம்பு போன நாற்காலி நாலு கெடக்கு. வளைஞ்ச மரம். அதையும் யாராவது எடுத்துக்கறதா இருந்தா சொல்லுங்க.

விசாலம் ஆச்சி: அப்பச்சி அதை விறகுக்குப் போட்டுடாதீங்க! உக்கார்ற வளையத்துக்கு அடியில முத்திரையோ பழைய சீட்டோ ஒட்டியிருக்கான்னு பாருங்க. வியன்னாவுல தோனெட்னு ஒருத்தர் மரத்தை நீராவியில வேகவச்சு வளைச்சுச் செஞ்ச மாதிரி அது, 1859லேருந்து வருது. ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, ரெண்டு நட்டு, அவ்வளவுதான் ஒரு நாற்காலி. கழட்டி அடுக்குனா நீளம் அகலம் ஒசரம் எல்லாம் ஒரு மீட்டர் இருக்கற பெட்டியில 36 நாற்காலி போகுமாம், அதனாலதான் கப்பல் ஏறி உலகம் பூரா போச்சு. முத்திரை இல்லேன்னாலும் பரவாயில்லை, அதைப் பாத்து எத்தனையோ பேர் செஞ்சாங்க. கதிரு, உனக்குச் சின்னதா ரெண்டு வேணும்னேன்ல, இதுதான்பா. கடையில வாங்கற கோல்டு காலு ஒண்ணும் வேணாம். பிரம்பு பின்னறவர் காரைக்குடியில இன்னும் இருக்கார். அடியில மாவு மாதிரி தூள் கொட்டுதான்னு மட்டும் பாத்துக்கணும், கொட்டுச்சுன்னா பூச்சிக்கு மருந்து வச்சுட்டு அப்புறம்தான் வீட்டுக்குள்ள.

பெரியப்பச்சி: எழுத்து ஒண்ணும் இல்லை. தூளும் இல்லை. ஒண்ணுல பின் வளைவு விரிஞ்சிருக்கு.

*ஞாயிற்றுக்கிழமை*

உமா: ஆச்சி காலையில ஏழு மணிக்கே சாவி எடுத்துட்டுப் போயிட்டேன். பால்கனிக்கு நேர் எதிர்ல சாத்துனா எதிர் டவர்ல இருக்கற ஏசி அவுட்டோர் யூனிட் வரிசையா பதினாறு தெரியுது, துணி காயப்போட்டதும் தெரியுது. எட்டு மணிக்கு வெயில் பட்டு சோபா போடற எடத்துல கண்ணே கூசுது
*(புகைப்படம்)*

உமா: அப்புறம் பக்கத்துச் செவுத்துக்கு மாத்தினேன், சாப்பாட்டு மேஜை வர்ற பக்கம். அங்கேருந்து பாத்தா கீழ ரோட்டோரத்துல இருக்கற தூங்குமூஞ்சி மரத்தோட தலை மட்டும் தெரியுது ஆச்சி, வானமும். உள்ள ரூமு வரைக்கும் வெளிச்சம் போகுது, லைட்டே போடலை
*(புகைப்படம்)*

விசாலம் ஆச்சி: அதுதான் எடம் உமா. அங்கயே வையி. நானே வந்து பாத்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

அயித்தை தேவகோட்டை: நல்லா இருக்கும்மா.

விசாலம் ஆச்சி: அப்பச்சி, ஒரு வேண்டுதல். ரெண்டும் ஜோடி. செவுரு காயற வரைக்கும் ஒண்ணு கதிர் வீட்டுல இருக்கட்டும், பெயிண்ட் உரிஞ்ச ஒண்ணை நான் கொண்டுபோயி ஓதம் இல்லாத ரூமுல நிக்க வைக்கறேன். முகப்பு பூசி முடிச்சு, முன்னோருக்குப் படைக்கற படைப்புக்கு முன்னாடி ரெண்டும் அது எடத்துக்கு வந்துடணும். கதிரு உனக்கு வருத்தம் இல்லையே?

கதிர்: கொஞ்சம் இருக்கு ஆச்சி, பொய் சொல்லலை. ஆனா அயித்தை சொன்னதைக் கேட்டப்புறம் அது அங்க இருக்கறதுதான் சரின்னு படுது. நாற்காலி ரெண்டும் எங்களுக்கே தந்துடுங்க. அந்த எடத்துக்கு அப்புறமா நிதானமா தேடிக்கறோம், சோபாவுக்குக் கொடுத்த அட்வான்ஸை உமா இன்னிக்குக் கேட்டு வாங்கப் போறா

சோமு அண்ணே சிங்கப்பூர்: மத்த ரெண்டு நாற்காலி எனக்கு எடுத்து வைங்க பெரியப்பச்சி, நான் ஊருக்கு வர்றப்ப அதுலதான் உக்காருவேன்.

பெரியப்பச்சி: சரி. எல்லாரும் ஒத்துக்கிட்டதுல சந்தோஷம். வியாபாரிகிட்ட இல்லைன்னு சொல்லிடறேன். கதிரு, வண்டி அடுத்த ஞாயிறு வச்சுக்க. கண்ணாடிய நட்டமா நிக்க வச்சுத்தான் கட்டணும், பழைய கம்பளி ஆறு எடுத்து வச்சிருக்கேன், கயிறு நீ கொண்டா.

விசாலம் ஆச்சி: கிளம்பறதுக்கு முன்னாடி உங்க லிஃப்ட் ஒசரத்தையும் வாசக்கதவு ஒசரத்தையும் அளந்துக்க கதிரு. ஃபிரேமோட சேர்த்து ஏழடி வரும்.

கதிர்: லிஃப்ட் கதவு ஏழடிக்கு ஒரு இஞ்ச் கம்மி ஆச்சி, இப்பதான் அளந்தேன். மாடிப்படி வழியாத்தான். நாலாவது மாடி. நாலு பேர் சொல்லிட்டேன்