நாகார்ஜுனகொண்டா தீவில் இருப்பது அசலா, நகலா?

நீர்க்கோழி:
போன மாதம் கிருஷ்ணா நதியின் நாகார்ஜுனசாகர் அணை நீர்த்தேக்கத்தில் படகேறித் தீவு அருங்காட்சியகத்துக்குப் போனேன். வெளியே ஸ்தூபிகளின் அடித்தளங்களும் விகாரைச் சுவர்களும் இருக்கின்றன. கூட வந்த ஒருவர், "இதெல்லாம் பின்னால கட்டினது, நிஜமானது தண்ணிக்குள்ள கிடக்கு" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து மனசு ஒப்பவில்லை. எதுதான் அசல்? அணை வருவது முன்னாடியே தெரியும் என்றால் முழுப் பள்ளத்தாக்கையும் பெயர்த்து எடுத்திருக்க முடியாதா? எகிப்தில் அபு சிம்பல் பாறைக் கோயில்களை அணைக்காகப் பெயர்த்து எடுத்தார்களே!

பானையோடு:
உள்ளே இருக்கும் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் பள்ளத்தாக்கில் கிடைத்த அசல்கள். இடம் வெளியே தெரிந்தது 1926-இல். அணை என்று முடிவானதும் 1954 முதல் 1960 வரை ஆர். சுப்ரமணியம் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. ஒன்பது கட்டுமானங்களைக் குன்றின்மேல் திரும்பக் கட்டினார்கள். படிக்கட்டு அரங்கத்தைக் கரையில் அனுபு என்ற இடத்தில் வைத்தார்கள். நீங்கள் நின்ற தீவே பழைய குன்றின் உச்சிதான். இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகரான விஜயபுரி உங்கள் காலுக்குக் கீழே, தண்ணீருக்குள்.

வரைபலகை:
நீர்க்கோழி, உங்களோடு படகில் வந்தவர் சொன்னது பாதி சரி. நான் ஒரு நீர்த்தேக்கப் பகுதியில் இரண்டு பருவம் வரைவாளராக இருந்தவன். எந்த அணை என்பது இங்கே வேண்டாம்.

முதல் நாள் எங்கள் கையில் வந்தது ஒரு நில வரைபடமும் அதில் சிவப்பாக இழுத்த ஒரு சமஉயரக்கோடும். அணை நிரம்பினால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று காட்டும் கோடு அது. உள்ளே இருப்பது போகும், வெளியே இருப்பது பிழைக்கும் என்று கணக்கு. அந்தக் கணக்கே தப்பு. கரைக்கு மண் எடுக்கும் பள்ளம், ஜல்லி உடைக்கும் இடம், கால்வாய், லாரிப் பாதை, வேலையாட்களின் குடியிருப்பு எல்லாமே கோட்டுக்கு வெளியேதான் வரும். நாங்கள் உள்ளே குனிந்து பானையோடு பொறுக்கிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு கல்வட்டம் (பெருங்கற்காலப் புதைகுழியைச் சுற்றிய கற்கள்) ஜல்லியாகிப் போயிருந்தது. தண்ணீர் வர அப்போது இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

அபு சிம்பலுக்கு வருகிறேன். 1964-இலிருந்து 1968-க்குள், சுமார் 20 டன் எடைக் கற்களாக அறுத்து, 65 மீட்டர் மேலே கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். சுமார் 4 கோடி டாலர் செலவு. மலைக்கல் என்பதால் முடிந்தது. அதே அணையின் நீர்த்தேக்கமான நாசர் ஏரியில்தான் புஹேன் என்ற பழைய எகிப்தியக் கோட்டை மூழ்கியது. எவ்வளவு பெரிய கோட்டை! ஆனால் சுடாத மண் செங்கல். அதைப் பெயர்த்தால் கையில் புழுதிதான் மிஞ்சும். அதே ஏரியில் மூழ்கிய ஃபராஸ் என்ற ஊரின் தேவாலயத்தில் போலந்துக்காரர்கள் சுவரோவியங்களை மட்டும் உரித்தெடுத்தார்கள், 120-க்கும் மேல். அவற்றில் பாதி போலந்தின் வார்சாவுக்கும், பாதி சூடானின் கார்ட்டூமுக்கும் போயின. சுவர் போய்விட்டது.

அப்படியென்றால் ஒரு சாதாரண வீட்டின் அடுப்பும் தானியக் குழியும்? அதையெல்லாம் யாரும் தூக்கிவைக்கப் போவதில்லை. அளந்து, வரைந்து, படம் எடுத்து, மண்ணைச் சலித்து எடுத்துக்கொண்டால் அதுதான் மீட்பு. நேரம் குறைந்தால் முதலில் கைவிடுவது சலிப்பதைத்தான். கருகிய தானியம், மீன் முள், சின்ன மணி எல்லாம் மண்ணோடு மண்ணாகப் போகும். கடைசி மூன்று வாரம் எங்கள் சல்லடை சாய்த்து வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

மண்புழு:
ஒரு மாற்றுக் கருத்து, ஐயா. அணை வராவிட்டால் அந்தப் பள்ளத்தாக்கில் அவ்வளவு ஆளும் பணமும் இறங்கியிருக்குமா? 1927–31-இல் அங்கே தோண்டிய தொல்லியலாளர் லாங்ஹர்ஸ்ட் பெரும்பாலும் பௌத்தக் கட்டடங்களைத்தானே தோண்டினார். கற்காலம், பெருங்கற்காலம் என்று முழுப் பள்ளத்தாக்கையும் அலசியது கெடு வைத்த பிறகுதான்.

வரைபலகை:
ஒத்துக்கொள்கிறேன். கெடு இல்லாமல் தோண்டும் இடத்தில் நல்ல மேடாகப் பார்த்துத்தான் கைவைப்போம். கெடு இருந்தால் வெறும் வயலையும் நடந்து பார்த்தாக வேண்டும். எங்களுக்குக் கிடைத்ததில் உருப்படியானது ஒரு வயல் வரப்பில்தான் கிடைத்தது.

நீர்க்கோழி:
அப்போ தண்ணிக்குள் கிடப்பது அழிந்தே போயிருக்குமா?

வரைபலகை:
ஆழத்தில் வண்டல் மூடிவிட்டால் ஓரளவு தாங்கும். கரையோரம்தான் கொடுமை. வருஷா வருஷம் நீர் ஏறி இறங்கும்போது அலை மண்ணை மட்டும் அரித்துக்கொண்டு போகும். ஆயிரம் வருஷ இடைவெளியில் புதைந்த ஓடுகளெல்லாம் ஒரே தரையில் வந்து கிடக்கும். எது முந்தியது, எது பிந்தியது என்று அப்புறம் யார் சொல்ல?

ஆனால் அதிசயமும் நடக்கும். 2022 தொடக்கத்தில் இராக்கின் மோசுல் நீர்த்தேக்கம் வறட்சியில் வற்றியபோது மித்தானி என்ற பழைய பேரரசின் காலத்து நகரம் ஒன்று வெளியே வந்தது. அவசரமாகத் தோண்டியதில் ஜாடிகளுக்குள் ஆப்பெழுத்து (ஆப்பு வடிவக் கீறல்களால் ஆன பழைய எழுத்து) பதித்த நூற்றுக்கும் மேற்பட்ட பலகைகள். சுடாத களிமண்! இத்தனை ஆண்டு நீருக்குள் இருந்தும் கரையவில்லை. தண்ணீர் திரும்புமுன் சுவர்களை பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடி, மேலே சரளை கொட்டிவிட்டு வந்தார்கள். என்னைக் கேட்டால் எல்லா அணையிலும் கதவை மூடும் முன் இதைச் செய்யலாம். கோயிலைத் தூக்கும் செலவில் நூறில் ஒரு பங்கு ஆகாது.

பானையோடு:
நீங்கள் வரைந்ததெல்லாம் அச்சில் வந்ததா, சார்?

வரைபலகை:
நாகார்ஜுனகொண்டாவுக்கே 1960-இல் முடிந்த அகழாய்வின் முதல் தொகுதி 1975-இல், இரண்டாவது 2006-இல். எங்களுடையது இன்னும் வரவில்லை. கடைசித் தாளில் வடகிழக்கு மூலையில் ஒரு சுவரைப் புள்ளிக்கோடாக இழுத்துவிட்டு வந்தேன், குழிக்கு வெளியே அது தொடர்ந்தது என்பதற்காக. அசல் தாள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு டிரேசிங், அதிலும் மசி மங்கிக்கொண்டு வருகிறது. இந்த வாரம் ஸ்கேன் பண்ணிப் போடுகிறேன்.