ஊழியர் நலன் துறைக்குப் படிக்க உபகாரச் சம்பளம் கிடைக்குமா?

பொங்கோல் மாணவி:
அக்கா, அண்ணன்மார்களுக்கு வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மனிதவளம் படிக்கிறேன், இறுதி ஆண்டு. வேலைப் பயிற்சியில் ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதி, விடுப்பு எல்லாம் பார்க்கும் பிரிவில் போட்டார்கள். திருவாரூர்க்காரர் ஒருவர், கட்டுமான ஊழியர், குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து பில்லோடு வந்தார். தனக்குக் காப்புறுதி இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. தமிழில் விளக்கிச் சொன்னேன். இதையே தொழிலாகச் செய்ய வேண்டும் என்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன். ஆனால் உபகாரச் சம்பளம் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கா. வீட்டில் அப்பா சம்பளம் மட்டும்தான், தம்பியும் படிக்கிறான். இங்கே சிங்கப்பூரில் ஏதாவது உண்டா?

ஈசூன்வாசி:
உபகாரச் சம்பளம் கிடைக்காவிட்டாலும் படிப்பை விடாதேம்மா. அப்பாவின் மசேநி, அதாவது மத்திய சேம நிதி, சாதாரணக் கணக்கிலிருந்து கல்விக் கட்டணம் கட்டலாம். அது கடன்தான். படித்து முடித்து ஓராண்டு கழித்து, வட்டியோடு அவர் கணக்கிலேயே திருப்பிப் போட வேண்டும். கல்வி அமைச்சின் உதவிநிதிக்கும் மனுப் போடு.

காப்புறுதி அக்கா:
தங்கச்சி, நான் காப்புறுதித் தரகு நிறுவனத்தில் குழுக் காப்புறுதி பார்க்கிறவள். உன் கேள்வி எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அமெரிக்காவில் மருத்துவக் காப்புறுதி, ஓய்வுக்காலச் சேமிப்பு இரண்டும் பெரும்பாலும் முதலாளி வழியாகத்தான். 1974இல் எரிசா என்று அதற்கொரு தனிச் சட்டமே வந்தது. அதனால் அங்கே இது தனித் தொழில், சிஇபிஎஸ் என்று சான்றிதழ்கூட உண்டு. நீ பார்த்த உதவித்தொகைகளில் பலவும் அங்குள்ள தொழில்முறைச் சங்கங்கள் தங்கள் வட்டார மாணவர்களுக்குத் தருபவையாக இருக்கும். அதில் நேரத்தைச் செலவழிக்காதே.

இங்கே ஓய்வுக்கு மசேநி, அரசாங்கமே நடத்தும் கட்டாயச் சேமிப்பு. 55 வயதுவரை பொதுவாகச் சம்பளத்தில் ஊழியர் 20, முதலாளி 17 விழுக்காடு. ஆகவே "ஊழியர் நலன்" என்ற பெயரில் தேடினால் கிடைக்காது. மனிதவளம், காப்புறுதி, காப்பீட்டுக் கணிதம் என்று தேடு. மத்திய சேம நிதிக் கழகமே உபகாரச் சம்பளம் தருகிறது. நீ செய்ய நினைக்கும் வேலைக்கு அதைவிடப் பக்கத்தில் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. கணக்கு நன்றாக வரும் என்றால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் காப்பீட்டுக் கணிதம் பார். மனிதவளமே தொடரலாம் என்றால் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

அப்புறம், அந்த அண்ணன் விஷயம். வேலை அனுமதி, எஸ் பாஸ் என்ற அனுமதிகளில் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி முன்பு ஆண்டுக்கு 15,000 வெள்ளி. 2023 ஜூலை முதல் குறைந்தது 60,000. 15,000க்கு மேல் போகும் தொகையில் கால் பங்கு முதலாளியுடையது. வேலையிடக் காயம் என்றால் அது வேறு சட்டம், வேறு காப்புறுதி. இவ்வளவும் அவரவர் மொழியில் போய்ச் சேர வேண்டும். அதற்கு உன்னைப் போன்றவர்கள் நிறைய வேண்டும்.

பொங்கோல் மாணவி:
ரொம்ப நன்றி அக்கா! படித்து முடித்ததும் அவர்களிடமே இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று பாண்ட் இருக்குமா?

காப்புறுதி அக்கா:
அநேகமாக இருக்கும். எத்தனை ஆண்டு, பாதியில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், இரண்டையும் அப்பாவோடு உட்கார்ந்து படித்த பிறகே கையெழுத்துப் போடு. மனுவில் மதிப்பெண்ணோடு நிறுத்தாதே. பில்லோடு வந்த அந்த அண்ணனுக்கு என்ன விளக்கினாய் என்பதை, அவர் பெயரைச் சொல்லாமல், விவரமாக எழுது.