அதிகாலையில் சூடாக்கும் ஏசி நின்றுபோய் வெளி அலகு வெண்புகை விடுகிறது: பழுதா, இயல்பா?

கந்தப்பளை விடுதி எழுதியது:

வணக்கம். நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில், தேயிலைச் சரிவுக்குக் கீழே மரக்கறித் தோட்டங்களை ஒட்டினாற்போல், நானும் என் கணவரும் நான்கு அறைகள் கொண்ட சிறிய தங்குமிடம் ஒன்றை நடத்தி வருகிறோம். முன்பு அறைகளில் எண்ணெய் ஹீட்டர்கள் வைத்திருந்தோம். மின்பட்டியல் கட்டுப்படியாகாமல் போனதால், குளிரூட்டவும் சூடாக்கவும் வல்ல 12,000 பி.டி.யு. இன்வேர்ட்டர் ஏசிகள் இரண்டைச் சென்ற வருடம் பொருத்தினோம்.

பகலிலும் முன்னிரவிலும் எந்தக் குறையும் இல்லை. ஜனவரி பிறந்த பின், அதிகாலை மூன்று மணி தாண்டியதும் அறைக்குள் வரும் சூடான காற்று திடீரென நின்றுவிடுகிறது. வெளியே பெருமூச்சு விட்டாற்போல் ஓர் ஓசை கேட்கிறது. சிறிது நேரத்தில் வெளி அலகிலிருந்து வெண்புகை எழுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கைக்குழந்தையுடன் வந்திருந்த ஒரு குடும்பத்தினர் அதைக் கண்டு, தீப்பிடித்துவிட்டது என்று பதறி எங்கள் கதவைத் தட்டினார்கள். கொழும்பிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக் சேர்க்கிட் போர்ட்டில் கோளாறு என்று சொல்லிப் புதியது மாற்றினார். செலவானதுதான் மிச்சம், மறுநாள் அதிகாலையில் மீண்டும் அதே புகை.

இரண்டு விடயங்கள் எனக்குப் புரியவில்லை. விறாந்தையில் தொங்கும் வெப்பமானி அந்த நேரத்தில் 4 பாகை காட்டுகிறது; பூச்சியத்துக்கு மேலே இருக்கும்போது இயந்திரத்தில் பனி உறைவது எப்படி? அடுத்தது, முன்பக்கத்து அலகு ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது; சமையலறைப் பக்கத்து அலகின் அடிப்பகுதியிலோ மூன்று விரற்கடை உயரத்துக்குக் கண்ணாடி போன்ற பனிக்கட்டி பிடித்து, வெயில் ஏறும்வரை கரைவதில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

ஹட்டன் குளிர்பதன வேலை எழுதியது:

அக்கா, நீங்கள் கண்டது புகையன்று, நீராவி. முன்பக்கத்து அலகு தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அதற்குப் போர்ட் மாற்றியிருக்க வேண்டியதில்லை. கரையோரத்தில் பொருத்தப்படும் ஏசிகளில் பெரும்பாலானவை குளிரூட்டுவதற்கு மட்டுமே ஆனவை என்பதால், அங்கே மட்டும் வேலை பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருந்திருக்கும்.

சூடாக்கும்போது இந்த இயந்திரம் வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உறிஞ்சி அறைக்குள் கொண்டுவருகிறது. வெப்பம் தானாகக் குளிரான இடத்தை நோக்கியே போகும் என்பதால், வெளி அலகின் சுருள் (வெப்பத்தைச் சுமக்கும் கேஸ் ஓடும் குழாயும் அதில் கோத்த மெல்லிய தகடுகளும்) வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருந்தால்தான் அந்த வெப்பம் சுருளுக்குள் இறங்கும். உங்கள் வெப்பமானி 4 பாகை காட்டும் நேரத்தில் சுருளின் மேற்பரப்பு பூச்சியத்துக்குக் கீழே மூன்று நான்கு பாகையில் இருக்கக்கூடும். அதைத் தொட்டுச் செல்லும் ஈரக்காற்றின் நீராவி, தகடுகளின் மேல் உறைபனியாகப் படிகிறது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டிய வெப்பநிலை சுருளினுடையது, விறாந்தையினுடையது அன்று.

இந்த இயந்திரங்களுக்கு மிகக் கடுங்குளிரைவிட நம்முடைய குளிர்தான் பனி விடயத்தில் தொல்லை தருவது. 5 பாகையில் ஈரம் நிறைந்த காற்று, ஒரு கன மீற்றரில் ஏறத்தாழ 6.8 கிராம் நீராவியைச் சுமந்திருக்கும். பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில் அது ஒன்றரை கிராம் அளவுதான். அந்தக் குளிரில் சுருளில் படிவதற்குக் காற்றில் ஈரமே குறைவு. நுவரெலியாப் பக்கத்து அதிகாலையோ மூடுபனியும் ஈரமும் நிறைந்தது. சுருள் உறையும் அளவுக்குக் குளிரும் இருக்கிறது, உறைவதற்கு வேண்டிய நீரும் இருக்கிறது.

பனி படியப் படியத் தகடுகளுக்கிடையே காற்றுப் புகும் வழி அடைபடும். காற்றுக் குறைந்தால் சுருள் இன்னும் குளிரும். பனி இன்னும் வேகமாகப் படியும். அதைத் தடுக்கவே இயந்திரம் சுருளின் வெப்பநிலையையும் ஓடிய நேரத்தையும் கணக்கில் எடுத்து, தானாகவே பனி நீக்கும் நிலைக்கு மாறுகிறது. அப்போது நான்குவழி வால்வு திரும்பி, அறைக்கு வரவேண்டிய சூடான கேஸை வெளிச் சுருளுக்கு அனுப்பும். நீங்கள் கேட்ட பெருமூச்சு அந்த வால்வு திரும்பும் ஓசைதான். குளிர்காற்று அறைக்குள் வீசாதபடி உள் விசிறி நிற்கும், வெப்பம் வீணாகாதபடி வெளி விசிறியும் நிற்கும். கரைந்த நீரிலிருந்து எழும் ஆவி, விசிறி மீண்டும் சுழலத் தொடங்கும் கணத்தில் மொத்தமாக வெளியே தள்ளப்படும்போதுதான் பார்ப்பவர்கள் அஞ்சுகிறார்கள்.

ஒரு கிலோ பனிக்கட்டியைக் கரைக்க 334 கிலோஜூல் வெப்பம் தேவை. 3 கிலோவாட் வெப்பம் சுருளுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், பனிக்கு மட்டுமே ஏறத்தாழ இரண்டு நிமிடம். உலோகமும் சூடாகவேண்டும், காற்றிலும் கொஞ்சம் இழப்பாகும் என்பதையும் சேர்த்தால் உங்கள் ஐந்து நிமிடம் நியாயமான நேரமே.

சமையலறைப் பக்கத்து அலகு வேறு கதை. மூடுபனி நாளில் முக்கால் மணிக்கு ஒருமுறை பனி நீக்குவதைக்கூட ஏற்கலாம். ஆனால் நீக்கி முடிந்த பின்னும் பனி எஞ்சியிருந்தால் அது கோளாறு. அடியில் மட்டும் கண்ணாடிபோல் கட்டியிருப்பது, கரைந்த நீர் வடிந்து போகாமல் தட்டில் தேங்கி மீண்டும் உறைவதன் அடையாளம். சுருளின் ஒரு மூலையில் மட்டும் தடித்த பனியும் மற்ற இடம் வெறுமையாகவும் இருந்தால் கேஸ் குறைவு என்று நான் ஐயுறுவேன். எப்போது பார்த்தாலும் பனி நீக்கிக்கொண்டே இருந்தால், சுருளில் செருகியிருக்கும் வெப்ப உணரி இடம் பெயர்ந்திருக்கலாம். ஆகையால் முதலில் அடித்தட்டின் வடிகால் துளைகளையும், அலகைச் சுற்றிக் காற்றோட்டம் எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். கத்தி, கரண்டிக் காம்பு எதையும் கொண்டு பனியைச் சுரண்டாதீர்கள். தகடு வளைவதோடு குழாயும் ஓட்டையாகும். அவசரமானால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள்; கொதிநீர் வேண்டாம்.

இன்னுமொன்று. அறையில் இருப்பவர்கள் காற்று நின்றதைக் கண்டு ரிமோட்டால் நிறுத்தி, மறுபடியும் போட்டு, மறுபடியும் நிறுத்துவார்கள். பாதி கரைந்த பனி அப்படியே இறுகிக் கட்டியாகிவிடும். இதையும் விசாரித்துப் பாருங்கள்.

மீப்பிலிமானை விவசாயம் எழுதியது:

இயந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. குளிரைப் பற்றிச் சொல்லலாம். மேகமில்லாத, காற்று அசையாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எங்கள் உருளைக்கிழங்குப் பாத்திகளில் தாழ்ந்தவை வெள்ளை போர்த்தியிருக்கும் காலையில், பத்தடி மேலே இருக்கும் பாத்திகளில் வெறும் ஈரம்தான் இருக்கும். சூரியன் சுடுவதற்கு முன் நீர் தெளித்து அந்தப் பனியைக் கழுவாவிட்டால் இலை கருகிவிடும் என்று ஒவ்வொரு ஜனவரியிலும் இருட்டோடு எழுந்து ஓடுகிறோம். உங்கள் சமையலறைப் பக்கம் பள்ளமாக இருந்தால், விறாந்தை வெப்பமானி அங்குள்ள குளிரைக் காட்டாது. வெப்பமானியை ஓரிரவு அந்த அலகின் அருகிலேயே கட்டிப் பாருங்கள். முடிந்தால் அலகையும் நிலத்திலிருந்து உயர்த்துங்கள்.

கந்தப்பளை விடுதி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரவு வெப்பமானியைக் கட்டினோம். விறாந்தையில் 4 பாகை இருந்த அதே நேரத்தில் சமையலறைப் பக்கம் 2 பாகைதான்.

காலையில் அலகைக் கவனித்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. மழையில் கெட்டுவிடக் கூடாதென்று என் கணவர் அதைச் சுற்றி மூன்று பக்கமும் தகரம் அடித்து, மேலேயும் தகரம் போட்டிருந்தார். முன்பக்கம் திறந்திருந்தாலும் எதிரே விறகு அடுக்கியிருக்கிறோம். அடித்தட்டின் துளைகளில் சைப்ரஸ் இலையும் பாசியும் சேர்ந்து களிபோல அடைத்திருந்தன. ஈர்க்குச்சியால் குத்தியதும் கறுப்பு நீர் ஒழுகியது. தகரம் முழுவதையும் கழற்றிவிட வேண்டுமா, அல்லது கூரையை மட்டுமாவது விட்டுவைக்கலாமா?

ஹட்டன் குளிர்பதன வேலை எழுதியது:

கூரை இருக்கட்டும், அது நல்லதே. தெளிந்த வானத்தை நேரே பார்த்திருக்கும் பொருள் இரவில் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். திறந்த வெளியில் நிற்கும் வாகனத்தின் கண்ணாடியில் பனி பிடித்து, போர்ட்டிக்கோவில் நிற்பதில் பிடிக்காமல் இருப்பது இதனால்தான். இலைச் சருகும் விழாது. ஆனால் பக்கத் தகரங்களைக் கட்டாயம் கழற்ற வேண்டும், விறகையும் நகர்த்த வேண்டும். அலகு வெளியே தள்ளும் காற்று, வெப்பம் இழந்த குளிர்காற்று. அது விறகில் மோதித் திரும்பி அதே சுருளுக்குள் போனால், 2 பாகைக் காற்று இருக்கும் இடத்தில் பூச்சியத்துக்குக் கீழுள்ள காற்றையே இயந்திரம் உறிஞ்சிக்கொண்டிருக்கும். பின்புறம் ஒரு சாண் இடைவெளி, முன்புறம் ஒரு மீற்றராவது வெறுமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,900 மீற்றர் அளவில், ஒரே வெப்பநிலையில் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் சுருளுக்குக் கிடைக்கும் காற்றின் எடை குறைவு. ஆகவே இங்கே காற்றுவழியைச் சிறிது அடைத்தாலும் அதன் விளைவு பெரிதாகத் தெரியும்.

அறையில் 30 பாகை வைக்கும் வழக்கமிருந்தால் அதை 21 அல்லது 22க்குக் குறையுங்கள். மாலையே மெதுவாகச் சூடாக்கத் தொடங்கினால் சுவரும் மெத்தையும் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். அதிகாலையில் ஐந்து நிமிடம் காற்று நின்றால் யாருக்கும் குளிராது.

கந்தப்பளை விடுதி எழுதியது:

பக்கத் தகரங்களைக் கழற்றி, விறகை மாட்டுக்கொட்டிலுக்கு மாற்றி, அலகைச் சுவரில் இரும்புத் தாங்கி அடித்து இடுப்பளவு உயரத்துக்கு ஏற்றினோம். வடிகால் துளையின் கீழே ஒரு வாளியும் வைத்தேன்.

மூன்று நாட்களாக அதிகாலையில் விழித்திருந்து பார்க்கிறேன். இன்று 4:40க்கு ஒருமுறையும் 5:35க்கு ஒருமுறையும் பனி நீக்கியது. டோர்ச் அடித்துப் பார்த்தேன். மேலிருந்து தகடுகளில் வெண்மை சரிந்து சரிந்து கறுப்பாகி, நூல் நூலாக நீர் இறங்கி, ஆறு நிமிடத்தில் சுருள் முழுவதும் துப்புரவாகியது. இரண்டு முறையும் சேர்த்து வாளியில் ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூடுதலான நீர் இருந்தது. அடித்தட்டில் கட்டி இல்லை.

"அதிகாலையில் சூடான காற்று சில நிமிடங்கள் நிற்கும், வெளியே நீராவி எழும், தயவுசெய்து ரிமோட்டைத் தொடாதீர்கள்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, இரண்டு அறைகளிலும் உள் அலகுக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். அந்த யாழ்ப்பாணக் குடும்பத்தினருக்கும் தொலைபேசியில் அழைத்து, அன்று அவர்கள் பார்த்தது என்னவென்று சொன்னேன். ஏப்ரலில் மீண்டும் வருவதாகச் சொன்னார்கள்.