பத்து வருஷமா நாலு கோர், அப்புறம் திடீர்னு எட்டு, பதினாறு... என்னதான் நடந்துச்சு?

கல்யாண_எடிட்டர்:
வணக்கம் மக்களே. கல்யாண வீடியோ எடிட் பண்றவன் நான். 2012ல ஒரு நாலு கோர் மெஷின் போட்டேன் (கோர்னா ப்ராசஸர் சிப்புக்குள்ள தனித்தனியா வேலை செய்ற மூளைன்னு வச்சுக்கோங்க), ராத்திரி எக்ஸ்போர்ட் போட்டுட்டு படுத்தா காலைல எந்திரிச்சு பாக்கும்போது 80 சதவீதத்துல நிக்கும். 2016ல புதுசு வாங்கலாம்னு ரிச்சி ஸ்ட்ரீட் போனா என் பட்ஜெட்டுக்கு அப்பவும் அதே நாலு கோர்தான், சரின்னு திரும்பி வந்துட்டேன். ரெண்டே வருஷம், அக்கா பையன் எட்டு கோர்ல கேம் ஆடுறான். அதுவரைக்கும் செய்ய முடியலையா, இல்ல செய்யலையா?

சாக்கெட்_சாமி:
செய்யல ப்ரோ. இன்டெல் கம்பெனியோட கோர் 2 க்வாட் க்யூ6600 சிப் வந்தது 2007 ஜனவரி. அவங்களோட 7700கே வந்தது 2017 ஜனவரி. ரெண்டும் நாலு கோர். இன்டெல்கிட்ட எட்டு கோர் இல்லாமலா? 6900கே இருந்துச்சு, ஆனா ஆயிரம் டாலருக்கு மேல, அதுக்கு தனி மதர்போர்டு வேற. எதிர்ல ஆள் இல்ல, போட்டி கம்பெனி ஏஎம்டி 2011ல விட்ட புல்டோசர் சிப் ஊத்திக்கிச்சு, அப்புறம் யாருக்கு பயப்படணும்? 2017 மார்ச்ல ஏஎம்டியோட ரைசன் 1800எக்ஸ், எட்டு கோர் 499 டாலர்னு வந்து நின்னுச்சு. அதே அக்டோபர்ல இன்டெல் 8700கே ஆறு கோர், அடுத்த வருஷம் 9900கே எட்டு. ஏழு மாசத்துல யாரும் புது சிப் டிசைன் பண்ணி கடைக்கு கொண்டு வர முடியாது, வேலை முன்னாடியே நடந்துட்டுதான் இருந்திருக்கும், சாதாரண ஆளுக்கு தர்ற மனசுதான் லேட்டா வந்துச்சு 😄

சிலிக்கான்_சித்தப்பு:
சாமி, நீங்க சொல்றது விலைக்கதை. விலை குறையுறது வேற, புதுசா ஒண்ணு கண்டுபிடிக்கிறது வேற. டிரான்சிஸ்டரே 1947ல பெல் லேப்ஸ்ல பொறந்தது, அமெரிக்க டெலிபோனை கிட்டத்தட்ட மொத்தமா கைல வச்சிருந்த ஏடி&டி கம்பெனியோட லேப் அது, எந்த போட்டி இருந்துச்சு?
ஆனா ரைசன்ல நெஜமாவே ஒரு புது விஷயம் இருக்கு. பெரிய சிப்பா வெட்டினா அதுல ஒரு சின்ன குறை விழுந்தாலும் மொத்தமும் குப்பைக்கு போயிடலாம், சின்ன சின்னதா வெட்டினா அந்த ஒண்ணோட போச்சு. அதான் சர்வருக்கு ஒரே மாதிரி நாலு துண்டை ஒட்டி 2017லயே 32 கோர் குடுத்தாங்க, 2019ல டெஸ்க்டாப்ல எட்டு கோர் துண்டு ரெண்டை சேர்த்து 16. கைல காசு கம்மியா இருந்தவன் போட்ட கணக்கு அது. காசுக்காரன் இந்த அளவுக்கு யோசிச்சிருக்க மாட்டான்னு தோணுது.

பென்குயின்_பாய்:
இதுக்கும் முன்னாடி ஒரு ரவுண்டு இருக்கு. 64 பிட்டுக்கு (நிறைய மெமரியை ஒரே நேரத்துல கையாள்ற சிப் வகை) இன்டெல் இட்டானியம்னு மொத்தமா வேற பாதை போட்டாங்க, பழைய சாஃப்ட்வேர் அதுல தவழ்ந்துச்சு. ஏஎம்டி பழைய x86 (பிசி சிப்புங்க புரிஞ்சுக்கிற கட்டளை முறை) மேலயே 64 பிட்டை கட்டி 2003ல ஆப்டெரான் விட்டாங்க, மறு வருஷமே இன்டெலும் அதே வழிக்கு வந்துட்டாங்க. உங்க லேப்டாப் இன்டெலா? உபுன்டு (இலவச லினக்ஸ் ஓஎஸ்) டவுன்லோட் பண்ணி ஃபைல் பேரை பாருங்க, ஏஎம்டி64னு இருக்கும். அதை பாத்து தப்பான ஃபைல்னு நெனச்சு ரெண்டு தடவை டெலீட் பண்ண ஆளு நான் 🤦

கல்யாண_எடிட்டர்:
செம விளக்கம், நன்றி மக்களே. சித்தப்பு, அப்போ இந்த சீசனுக்கு 16 கோரே போட்றலாமா?

சிலிக்கான்_சித்தப்பு:
போடலாம் தம்பி. ரேம் எவ்ளோ வச்சிருக்கீங்க?

கல்யாண_எடிட்டர்:
8 ஜிபி 🙈